துளுக்காத கிடா

ராமக்காளின் மல்பெரித் தோட்டத்தில் சாமிக்கு மூன்று வருஷமாக நல்ல சாப்பாடு. சாமி என்றால் கோயிலில் இருக்கிற சாமி இல்லை, பக்கத்துக் காட்டு மாதப்பனுடைய வெள்ளாட்டுக் கிடா. கழுத்தில் மஞ்சள் கயிறு, அதில் ஒரு வெண்கல மணி, நேர்ந்துவிட்டதற்கு அடையாளமாகக் காதில் ஒரு வெட்டு. கொம்பும் தாடியுமாக அது தோட்டத்துக்குள் நுழைகிற தோரணையைப் பார்க்க வேண்டும், தாசில்தார் ஜீப்பிலிருந்து இறங்குகிற மாதிரி இருக்கும். பின்னாலேயே மாதப்பனின் ஆட்டுப்பட்டி முழுக்க வரும். மணிச் சத்தம் போகிற வழியில்தான் அவை போகும். அந்த மணிக்கோ ராமக்காள் தோட்டத்தைத் தவிர வேறு வழி தெரியாது.

இண்டூர் பக்கத்து இந்தச் சின்ன ஊரில், ஒரு கிடாவை முனியப்பனுக்கு என்று நேர்ந்துவிட்டால் அதற்கப்புறம் அதை யாரும் அடிக்கக் கூடாது, கயிறு போட்டுக் கட்டக் கூடாது. வெட்டுகிற நாள் வரைக்கும் அது இஷ்டப்படி மேயும். யார் காட்டில் வாய் வைத்தாலும் கன்னத்தில் போட்டுக்கொண்டு மெல்ல ஓட்டிவிட வேண்டியதுதான். மற்றவர்கள் விஷயத்தில் இது ஒரு வருஷத்துத் தொல்லை, அடுத்த திருவிழாவில் முடிந்துவிடும். மாதப்பன் விஷயத்தில் முடியவில்லை. மகன் ரஞ்சித்குமார் பைக்கில் விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நேர்ந்துவிட்ட கிடா அது. கால் கூடிவிட்டது. பையன் ஓசூரில் கம்பெனி வேலைக்கும் போய்விட்டான். கிடா மட்டும் கோயிலுக்குப் போகவில்லை. முதல் வருஷம் பங்காளி வீட்டில் சாவு, தீட்டு என்றார் மாதப்பன். அடுத்த வருஷம் மகனுக்கு லீவு கிடைக்கவில்லை என்றார். அதற்கடுத்த வருஷம், மழையில்லாமல் ஊரே காய்ந்து கிடக்கும்போது கறிவிருந்து ஒரு கேடா என்று நம்மையே திருப்பிக் கேட்டார்.

மாதப்பனைக் கெட்டவர் என்று சொல்லிவிட முடியாது. ராமக்காளின் மோட்டார் நின்றுபோனால், கூப்பிடாமலே வந்து கிணற்றில் இறங்குகிறவர் அவர்தான். ஆனால் கிடா பேச்சை எடுத்தால் போதும், முகம் மாறிவிடும். "சாமி கெடா, ராமக்கா. கைய நீட்டிறாத. முனியப்பன் சும்மா வுடமாட்டான்" என்று சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விடுவார்.

இனி ராமக்காளைப் பற்றிச் சொல்ல வேண்டும். கம்பைநல்லூர்ப் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். ஒல்லியான உடம்பு, கணீரென்ற குரல். ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான், உடும்பு கூட அவளிடம் கொஞ்சம் கற்றுக்கொள்ளலாம். புருஷன் பச்சியப்பன் பெங்களூரில் சென்ட்ரிங் வேலைக்குப் போகிறவன், மாதம் ஒரு தடவை வந்து தலையைக் காட்டிவிட்டுப் போவான். கேழ்வரகு போட்டுக் கேழ்வரகு போட்டு நிலமும் அவளும் சலித்துப்போன ஒரு வருஷத்தில், உறவுக்காரி ஒருத்தி வீட்டில் பட்டுப்புழு வளர்ப்பதைப் பார்த்தாள். ஒரு நாள் முழுக்க அங்கேயே உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்து, நிலத்தில் மல்பெரிக் குச்சியை ஊன்றிவிட்டாள். புருஷனிடம் கேட்டாளா என்றால், சொன்னாள். கேட்கவில்லை.

"புழு வளத்துப் பொழைக்கப் போறாளாம்" என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் பிறகு அவள் புழு மனைக்குள் எட்டிப் பார்க்க ஆசைப்பட்டபோது, ஒருத்தரையும் உள்ளே விடவில்லை. புழு என்றால் லேசுப்பட்ட ஜீவன் இல்லை. பீடி வாசம் ஆகாது, ஊதுபத்தி ஆகாது, மருந்தடித்த காட்டுக் காற்று பட்டாலும் சுருண்டுவிடும். கொழுந்தனார் ஒருத்தர் கல்யாணத்துக்குப் போகிற வழியில் சென்ட் அடித்துக்கொண்டு வந்து நின்றார். வாசலோடு நிறுத்தி, தண்ணீர் சொம்பை நீட்டி, அப்படியே திருப்பி அனுப்பிவிட்டாள். அந்த மனஸ்தாபம் தீர ஆறு மாதம் ஆனது. அவளுக்கு அதில் வருத்தமே இல்லை. "அவரு கோவிச்சுக்கிட்டா சமாதானம் பண்ணலாம், புழு கோவிச்சுக்கிட்டா என்னா பண்றது" என்றாள்.

சந்தோஷமாகத்தான் இருந்தாள். தன் கையால் நட்ட செடி, தன் கையால் வளர்த்த புழு, தர்மபுரிக்குப் பட்டுக்கூட்டை எடுத்துப் போனால் ஏலத்தில் அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். இன்னார் பெண்டாட்டி என்று இல்லை, ராமக்காள் என்றே. அதற்கு முன்னால் அவளை அப்படிப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட இடம் பள்ளிக்கூடம் ஒன்றுதான்.

அப்படி இருக்கும்போதுதான் சாமி வந்து சேர்ந்தது.

புழு நான்கு தடவை தூங்கித் தோலை உரிக்கும். அதை ஜுரம் என்பார்கள். நாலாம் ஜுரம் தாண்டி எழுந்தால் ஒரு பசி வரும் பாருங்கள், அது பேய்ப்பசி. அந்த ஒரு வாரத்தில்தான் தோட்டத்து இலை அத்தனையும் புழு வயிற்றுக்குள் போகும். அந்த நேரத்தில் இலை குறைந்தால் புழு சாகாது, ஆனால் கூட்டைக் கட்டாது. கட்டினாலும் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும். கிடாவுக்கும் சரியாக அந்த வாரத்தில்தான் மூக்கு வேர்க்கும். இலை முற்றித் தளதளவென்று நிற்கும்போது, மணியை ஆட்டிக்கொண்டு வந்துவிடும்.

ராமக்காள் சும்மா இருக்கவில்லை. முள் வெட்டிப் போட்டாள். கிடா முன்னங்காலால் முள்ளை அழுத்திவிட்டுத் தாண்டியது. கம்பிவேலி கட்டினாள். கடைசிக் கம்பிக்கு அடியில் மண்டியிட்டு நுழையக் கற்றுக்கொண்டது. சாணியைக் கரைத்து இலைமேல் தெளி, ஆடு வாய் வைக்காது என்று ஊரில் யோசனை சொன்னார்கள். ஆடு வைக்காதுதான், புழுவும் வைக்காதே! ஊர்க்கவுண்டரிடம் போய் நின்றாள். அவர் தொண்டையைக் கனைத்து, சாமி காரியத்தில் நான் எப்படி வாய் திறப்பது, நீயே பார்த்து அனுசரித்துப் போ என்றார். ஒரு தடவை ஆத்திரம் தாங்காமல் தடியை ஓங்கியேவிட்டாள். ஓங்கிய கை இறங்கவில்லை. அவளும் முனியப்பன் இருக்கிற திசையைக் கும்பிடாமல் அடுப்புப் பற்றவைக்காதவள். தடியைக் கீழே போட்டுவிட்டு, வரப்பில் உட்கார்ந்து அழுதாள். கிடா அவளைப் பார்த்துக்கொண்டே ஒரு கொப்பை முறித்துத் தின்றது.

போன பட்டத்தில் கதை கந்தலாகிவிட்டது. இலை பற்றாமல் வேற்றூரிலிருந்து வாங்கி வந்து போட்டாள். அந்த இலையில் எந்தக் காட்டு மருந்து ஒட்டியிருந்ததோ தெரியவில்லை, விடிவதற்குள் புழு அத்தனையும் பச்சையாக வாந்தியெடுத்துச் செத்துக் கிடந்தது. கூடை கூடையாக அள்ளிக் குழிவெட்டிப் புதைத்தாள். அந்த வாரம் வந்த பச்சியப்பன் கோபப்படவில்லை, அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தான் வேலை செய்கிற இடத்தில் ஆட்களுக்குச் சமைத்துப்போட ஆள் கேட்கிறார்கள், ரூமும் தருகிறார்கள், இந்தப் பாடு எதற்கு, செடியைப் பிடுங்கிவிட்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு வந்துவிடு என்று பதமாகச் சொன்னான். இன்னும் ஒரே ஒரு பட்டம் பார்க்கிறேன், அதுவும் போனால் வந்துவிடுகிறேன் என்றாள் ராமக்காள். அவள் சொன்னால் சொன்னதுதான், அது அவனுக்கும் தெரியும். ஆக இந்தப் பட்டம் தப்பினால் தோட்டம், தப்பாவிட்டால் பெங்களூரில் முப்பது பேருக்குச் சோறு வடிப்பது.

இந்தப் பட்டத்துப் புழு மூன்றாம் ஜுரத்தில் இருக்கும்போது, மாதப்பனின் பெண்டாட்டி செல்லி ஒரு குடம் தண்ணீர் பிடிக்க வந்தவள், குடத்தை இறக்கிவைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றாள். மனசு கேட்காமல்தான் வந்திருக்கிறாள். அந்தக் கிடா பிறந்த அன்றே தாயாடு செத்துப்போனதாம். மாதப்பன்தான் புட்டிப்பால் கொடுத்து, ராத்திரியில் தன் போர்வைக்குள் வைத்து வளர்த்தாராம். மகன் ஆஸ்பத்திரியில் கிடந்த பதற்றத்தில், எதை நேர்ந்துவிடுகிறாய் என்று பூசாரி கேட்டபோது, இருக்கிறதிலேயே நல்லதைத் தருகிறேன் என்று வாயை விட்டுவிட்டாராம். வாக்கு கொடுத்த வாயாலேயே இப்போது சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்றாள் செல்லி.

"வெட்டவும் மனசு வல்ல, கட்டவும் பயம். நான் என்னா பண்ணுவன், சொல்லு" என்றாள்.

ராமக்காளுக்கு நெஞ்சு இளகத்தான் செய்தது. புட்டிப்பால் கொடுத்து வளர்க்கிற கஷ்டம் அவளுக்குத் தெரியாததா, எறும்பளவு புழுவைக் கண்விழித்துப் பார்த்து வளர்க்கிறவள் ஆயிற்றே. ஆனால் அவர் கிடா பிழைத்திருக்க என் புழு பட்டினி கிடக்க வேண்டுமா என்று மறுகணமே நெஞ்சு கெட்டியாகிவிட்டது. செல்லி போன பிறகு வெகுநேரம் யோசித்தாள். செல்லி சொன்னதில் ஒன்று அவள் மனதில் சிக்கிக்கொண்டது. வெட்டவும் இல்லை, கட்டவும் இல்லை. அப்படியானால் அது யாருடைய கிடா?

அதற்கப்புறம் ராமக்காள் ஒருத்தரிடமும் சண்டை போடவில்லை. அது ஊருக்கே ஆச்சரியமாக இருந்தது.

புழு நாலாம் ஜுரம் தாண்டி எழுந்த மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முனியப்பன் கோயிலில் ஞாயிறு என்றால் கிடாவெட்டு, வெளியூர்ச் சனமெல்லாம் வேன் பிடித்து வந்து இறங்கும். காலையில் புழுவுக்கு இலை போட்டுவிட்டு ராமக்காள் குளித்தாள், புதுச்சேலை கட்டினாள். பிறகு தோட்டத்தில் இருக்கிறதிலேயே செழிப்பான கொப்புகளாகப் பார்த்துப் பத்துப் பன்னிரண்டு வெட்டினாள். அத்தனையும் மத்தியானத்துக்குப் புழு தின்ன வேண்டிய இலை. கட்டாகக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு கேட்டைத் திறந்து வைத்து நின்றாள். வழக்கம்போல மணிச் சத்தம் வந்தது. கிடா அவளைப் பார்த்தது, தோளில் இருந்த கட்டைப் பார்த்தது. அவள் திரும்பி நடக்க ஆரம்பித்தாள்.

கிடாவும் நடந்தது. அவள் நின்றால் ஒரு இலையைக் கவ்வும், நடந்தால் பின்னால் வரும். கிடாவுக்குப் பின்னால் பட்டி முழுக்க வந்தது. டீக்கடையில் உட்கார்ந்திருந்தவர்கள் கிளாஸை வைத்துவிட்டு எழுந்து நின்றார்கள். புதுச்சேலை கட்டிய பொம்பளை முன்னால் போக, மணியடித்துக்கொண்டு கிடா, அப்புறம் ஆட்டு ஊர்வலம். கல்யாண ஊர்வலத்தில் கூட இத்தனை ஒழுங்கு இருக்காது. விவரம் தெரிந்து மாதப்பன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஓடி வந்து சேர்ந்தபோது, ஊர்வலம் பாதி வழி தாண்டியிருந்தது.

சாமி கிடாவை எங்கே இழுத்துக்கொண்டு போகிறாய் என்று மூச்சிரைக்கக் கேட்டார்.

"நான் எங்க இழுக்கறன் மாமா? கயித்தக் காட்டுங்க பாக்கலாம். அதுவா வருது" என்றாள் ராமக்காள். சொன்னது பொய் இல்லை. அவள் கை கிடாவின் மேல் படவேயில்லை. அவராலும் கிடாவைத் தொட்டு இழுக்க முடியாது, மூன்று வருஷமாக அவர் ஊருக்குச் சொன்ன பேச்சு அவரையே கட்டிப்போட்டிருந்தது. "பா, பா" என்று கூப்பிட்டுப் பார்த்தார். கிடா மல்பெரியைவிட்டு வருமா?

கோயிலுக்கு முன்னால் ராமக்காள் இலைக்கட்டை இறக்கிவைத்தாள். கூட்டம் கூடிவிட்டது. ஊர்க்கவுண்டரும் அங்கேதான் இருந்தார், யாரோ வேன்காரர்களின் விருந்துக்கு. பூசாரி கையில் தீர்த்தச் செம்போடு என்ன விஷயம் என்று கேட்டார். ராமக்காள் முதலில் முனியப்பனைக் கும்பிட்டாள். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு பேசினாள். குரலை உயர்த்தவில்லை.

"ஒண்ணே ஒண்ணு சாமியக் கேட்டுச் சொல்லுங்க பூசாரி. இது யாரு கெடா? சாமியோடதுன்னா சாமி எடுத்துக்கட்டும். மாமாவோடதுன்னா மாமா கட்டிப் போடட்டும். எதுன்னாலும் எனக்குச் சம்மதம். ரெண்டுமில்லாம என் தோட்டத்துல நிக்கறதுதான் எனக்குச் சம்மதமில்ல."

பூசாரி கவுண்டரைப் பார்த்தார். கவுண்டர், அவள் கேட்பதில் தப்பு ஒன்றும் தெரியவில்லையே என்று மெல்ல இழுத்தார். இனி யாரும் பின்வாங்க முடியாது. கிடாவின் தலையிலும் முதுகிலும் தீர்த்தம் விட வேண்டும், அது உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். துளுக்குவது என்பார்கள். துளுக்கினால் சாமி ஏற்றுக்கொண்டது என்று அர்த்தம், அந்த இடத்திலேயே வெட்டிவிடுவார்கள். அரிவாள் தயாராகத்தான் இருந்தது, காலையிலிருந்து வேலை செய்து ஈரமாக இருந்தது. மாதப்பன் முகத்தில் ஈயாடவில்லை. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டார்.

பூசாரி தீர்த்தம் விட்டார். கிடா அசையவில்லை. இலையை மென்றுகொண்டிருந்தது. இரண்டாம் முறை செம்பு நிறைய விட்டார். கிடா தலையைத் தூக்கி, பூசாரி கழுத்தில் கிடந்த பூமாலையை மோந்து பார்த்து, ஒரு பூவைக் கவ்வி இழுத்தது. யாரோ சிரித்தார்கள், பக்கத்தில் நின்றவர் அதட்டினார். மூன்றாம் முறை ஒரு குடம் தண்ணீரையே கொண்டுவந்து முதுகில் கவிழ்த்தார்கள். தண்ணீர் தாடியில் சொட்டியது. எல்லோரும் காத்துக்கொண்டு நின்றார்கள். கிடா கொட்டாவி விட்டதே தவிரத் துளுக்கவில்லை.

மாதப்பனுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பார்த்தீர்களா, சாமிக்கு இன்னும் உத்தரவு இல்லை, அதைத்தானே நான் இத்தனை நாளாகச் சொல்கிறேன் என்று வேகமாகச் சொல்லிவிட்டு, கிடாவைக் கூப்பிட்டுக்கொண்டு புறப்பட்டார். வழக்கம்போல அது சும்மா அவிழ்ந்த மேனிக்கே வரும், மணியும் கழுத்திலேயே இருக்கும் என்பது அவர் நினைப்பு.

"நில்லுங்க மாமா" என்றாள் ராமக்காள். "சாமி வேணாம்னு சொல்லிட்டுது. எல்லாரும் பாத்தாங்க. அப்ப இது உங்க கெடா. கயிறு எங்க?"

மாதப்பன் சுற்றிலும் பார்த்தார். கூட்டம் அவரைப் பார்த்தது. கவுண்டருக்கு அப்போதுதான் சங்கதி முழுசாகப் புரிந்தது போலிருக்கிறது, வந்த சிரிப்பைத் துண்டால் மறைத்துக்கொண்டார். பூசாரிக்கு நியாயம் பிடிபட்டுவிட்டது. சாமி கொள்ளாத கிடாவுக்குச் சாமி கயிறு கூடாது என்று சொல்லி, மஞ்சள் கயிற்றையும் மணியையும் அவிழ்த்து முனியப்பன் காலடியில் வைத்தார். வாக்கு பாக்கி நிற்கிறது, பட்டியிலிருந்து வேறொரு கிடாவை இந்த ஆடிக்குள் கொண்டு வந்து செலுத்திவிடு என்று மாதப்பனிடம் கண்டிப்பாகச் சொன்னார். மாதப்பன் தலையாட்டினார். வேன்காரர்களில் ஒருத்தர் தாங்கள் கொண்டுவந்த கிடாவின் கயிறு இனி எதற்கு என்று எடுத்து நீட்டினார். அதை வாங்கித் தன் கையாலேயே கிடாவின் கழுத்தில் முடிச்சுப் போட்டார் மாதப்பன்.

ராமக்காளுக்கு அங்கே நிற்க நேரமில்லை. மத்தியான இலை போடுகிற வேளை நெருங்கிவிட்டது. வேகமாக நடந்துகொண்டே பச்சியப்பனுக்குப் போன் போட்டாள். அந்தச் சமையல் வேலைக்கு வேற ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுங்கள் என்றாள். என்ன ஆச்சு என்று அவன் கேட்டான். புழு பசியோடு இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டாள்.

தோட்டத்துக் கேட்டைத் தொடும்போது மாதப்பனும் பின்னாலேயே வந்து சேர்ந்தார். அவர் காட்டுக்கும் அந்த வழியாகத்தான் போக வேண்டும். கயிற்றில் நடந்து பழக்கமில்லாத கிடா, அங்கங்கே நின்று முரண்டு பிடித்து வந்தது. மற்ற ஆடுகள் மணி இல்லாமல் வழி தெரியாமல் முன்னும் பின்னும் மோதிக்கொண்டிருந்தன. கேட்டுக்கு எதிரே வந்ததும் கிடா நின்றது. மல்பெரியைப் பார்த்தது. பிறகு கொம்பிலிருந்து வால் வரைக்கும் உடம்பு முழுக்கச் சிலிர்த்து, படபடவென்று ஒரு உதறு உதறியது. தீர்த்தத் தண்ணீர் ராமக்காளின் முகத்திலும் மாதப்பனின் சட்டையிலும் தெறித்தது.

துளுக்கிவிட்டது. அதில் சந்தேகமே இல்லை, இத்தனை நல்ல துளுக்கலை அந்தக் கோயிலிலேயே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

இரண்டு பேரும் அப்படியே நின்றார்கள். சுற்றிலும் வேறு ஆள் இல்லை. மாதப்பன் அவளைப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், திரும்பிப் போக வேண்டியதுதான், அரிவாள் அங்கே ஈரம் காயாமல் இருந்தது. ராமக்காள் முகத்தைத் துடைத்துக்கொண்டு கோயில் திசையைப் பார்த்தாள். மனதுக்குள் முனியப்பனிடம் சொன்னாள்: மூணு வருஷமா தின்ன எலைக்கு நான் உங்கிட்ட கணக்குக் கேக்கல, நீயும் இதுக்குக் கணக்குக் கேக்காத.

"நான் ஒண்ணும் பாக்கலைங்க மாமா" என்றாள். "கயித்த மட்டும் வுட்டுறாதீங்க."

மாதப்பன் கயிற்றைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டார். ராமக்காள் உள்ளே போய்க் கேட்டைச் சாத்தினாள்.